யுஏஏபி ஓவரால் பாயிண்ட்ஸ் கணக்கு ஏன் இடிக்குது

பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகங்கள் மோதுற யுஏஏபி போட்டில, பாஸ்கெட்பால்ல கப் அடிச்ச லா சால் பல்கலைக்கழகம், எல்லா விளையாட்டு பாயிண்டையும் கூட்டுற ஓவரால் டேபிள்ல எப்படி சான்டோ தோமாஸ் பல்கலைக்கழகத்துக்குக் கீழ வந்துச்சு, நீங்க கூட்டினா கணக்கே பொருந்தலன்னு கேட்டிருந்தீங்க. முதல்ல ஸ்கூல் பசங்களோட ஜூனியர் ரிசல்ட்டை உங்க ஷீட்ல இருந்து தூக்கிடுங்க நண்பா, அதுக்குத் தனி சாம்பியன்ஷிப் இருக்கு, அதே மாதிரி டெமோ விளையாட்டுக்கும் (அதாவது சும்மா அறிமுகத்துக்காக நடத்துறது) பாயிண்ட் கிடையாது.

அப்புறம் முக்கியமான விஷயம், மணிலாவே அட்டெனியோ - லா சால்ங்கிற ரெண்டு பரம எதிரி பல்கலைக்கழகங்களோட மேட்சுக்காக ரெண்டா பிரிஞ்சு கத்தினாலும் பாஸ்கெட்பால் கப்புக்கு 15 பாயிண்ட் தான், டேபிள் டென்னிஸ் ஜெயிச்சாலும் அதே 15. ரெண்டாவதுக்கு 12, மூணாவதுக்கு 10, அப்புறம் 8, 6, 4, 2, 1னு இறங்கும். ஆண்கள், பெண்கள் ரெண்டும் தனித்தனியா சேரும், அதனால ஜூடோல ரெண்டு டீமும் மூணாவது வந்தாலே 20 ஆச்சு, ஒரு பாஸ்கெட்பால் கப்பை விட அதிகம்! சான்டோ தோமாஸ் எல்லா விளையாட்டுலயும் ஆள் இறக்கி மேல மேலயே முடிப்பாங்க, அதான் ஓவரால் பட்டம் அதிகமா அவங்க கையில இருக்கு. எனக்கு இந்த முறை ரொம்பப் பிடிக்கும், யாரும் பாக்காத ஃபென்சிங் பொண்ணுக்கும் அதே மரியாதை கிடைக்குதுல்ல.

ஜூனியரை எடுத்துட்டு மறுபடி கூட்டிப் பாருங்க.