ஈறில் ரத்தம், கூடவே மறதி: இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரை நோய் உண்டு. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிகிறது. சில மாதங்களாகச் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஈறைச் சரிசெய்தால் மறதி நின்றுவிடுமா?

பதில்: நின்றுவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். அதற்காக ஈறு சிகிச்சையைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

ஈறு நோய் உள்ளவர்களிடம் மறதி நோய் சற்று அதிகமாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அல்சைமர் நோயாளிகளின் மூளைத் திசுவில், போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற ஈறு பாக்டீரியாவின் நொதிகள் தென்பட்டதாக 2019-ல் ஓர் ஆய்வு வெளியானது. அந்த நொதியை முடக்கும் மாத்திரையை 600-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2021-ல் வந்த முடிவு ஏமாற்றம்தான்: ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் நினைவாற்றல் சரிவது குறையவில்லை. தொடர்பு எதிர்த்திசையிலும் ஓடலாம். மறதி தொடங்கியவர் பல் துலக்குவதில் அசட்டையாகிவிடுவார், ஈறு கெடும். உங்கள் அம்மா விஷயத்தில் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். காலையில் அவர் குளியலறையை விட்டு வந்ததும் பிரஷ்ஷைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

பல் மருத்துவரிடம் ஈறுப் பைகளின், அதாவது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள இடைவெளியின், ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். 3 மில்லிமீட்டர் வரை பயமில்லை. 4-க்கு மேல் போய், பல்லைத் தாங்கும் எலும்பும் கரைந்திருந்தால், மேலோட்டமான ஸ்கேலிங் போதாது. ஈறுக்கு அடியில் வேர் வரை சுத்தம் செய்ய வேண்டும். சுமார் 3 மாதம் கழித்து மறுபடி அளந்தால்தான் பலன் தெரியும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும் என்பதால் மருந்துச் சீட்டையும் கொண்டுபோங்கள். சர்க்கரைக்கும் ஈறுக்கும் உள்ள தொடர்பு உறுதியானது: ஒன்று கட்டுப்பட்டால் மற்றதற்கும் நல்லது.

வீட்டில் மென்மையான பிரஷ், பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசை, தினம் இருமுறை, 2 நிமிடம். நார்கள் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்வாகப் படட்டும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். உடனே வாய் கொப்பளித்தால் ஃபுளோரைடு கழுவிப்போய்விடும். பல் இடுக்குக்கு இன்டர்டென்டல் பிரஷ் தினம் ஒருமுறை. இறுக்கமாக ஆனால் வலிக்காமல் நுழையும் அளவே சரி. ரத்தம் வருகிறதே என்று பலரும் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அழுக்கு தங்கி வீக்கம் கூடுவது அதனால்தான். ஒழுங்காகச் சுத்தம் செய்தால் ஓரிரு வாரத்தில் கசிவு குறைய வேண்டும். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மேல் இழுக்காதீர்கள், பல்லில் கறை படியும்.

தானாகத் துலக்க மறந்தால், "துலக்கினீர்களா அம்மா?" என்று கேட்பதைவிடப் பற்பசை வைத்த பிரஷ்ஷைக் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று நீங்களும் துலக்குங்கள். பார்த்துச் செய்வது எளிது.

மறதிக்குத் தனியாக மருத்துவரைப் பாருங்கள். பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு, காது மந்தம் எல்லாம் மறதிபோலத் தோன்றும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. குழப்பம் ஓரிரு நாளில் திடீரென அதிகமானாலோ, முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.