ஒடிந்த காலுக்கு இரண்டரை லட்சம்தானா?

கேள்வி: நாங்கள் சென்னை காசிமேட்டில் வசிக்கிறோம். என் கணவருக்கு வயது 38. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றி இறக்கும் கூலி வேலை. நான்கு மாதங்களுக்கு முன்பு விடியற்காலையில் எண்ணூர் விரைவுச் சாலையில் பைக்கில் போனபோது, பின்னால் வந்த கண்டெய்னர் லாரி இடித்து வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்துவிட்டன. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் அறுவை செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். இன்னும் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியவில்லை. லாரி உரிமையாளரின் ஆள் ஆஸ்பத்திரிக்கே வந்து 20,000 ரூபாய் கொடுத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிப்போனார். இப்போது வேறொருவர் வந்து, ‘எலும்பு முறிவுக்குச் சட்டத்தில் இரண்டரை லட்சம்தான். ஒரு மாதத்தில் வாங்கித் தருகிறேன், கால் பங்கு எனக்கு’ என்கிறார். வக்காலத்து (வழக்கறிஞரை நியமிக்கும் பத்திரம்) என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிவிட்டார். விபத்தன்று கணவர் ஹெல்மெட் அணியவில்லை, லைசென்ஸும் காலாவதியாகியிருந்தது. வழக்குப் போட்டால் இதெல்லாம் உங்களுக்கு எதிராகத் திரும்பும் என்று பயமுறுத்துகிறார். பணத்தை வாங்கிக்கொள்வதா, வழக்குப் போடுவதா?

பதில்: அந்த ஆள் சொன்ன தொகை பொய்யில்லை. அதனால்தான் நீங்கள் நம்பும் நிலைக்கு வந்திருக்கிறீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆவது பிரிவில், விபத்தில் உயிரிழந்தால் 5 லட்சம், கொடுங்காயம் என்றால் 2.5 லட்சம் என்று நிலையான தொகை எழுதியிருக்கிறது. எலும்பு முறிவு கொடுங்காயத்தில் சேரும். யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே இந்தத் தொகையைக் கேட்கலாம். 2022 ஏப்ரல் முதல் இதுதான் நடைமுறை.

அவர் சொல்லாமல் விட்டது 166ஆவது பிரிவை. எதிர்தரப்பு ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபித்தால், உண்மையான இழப்புக்கு ஈடாக ‘நியாயமான இழப்பீடு’ கேட்கும் வழி அது. அதற்கு உச்சவரம்பு கிடையாது. இரண்டு கதவுகள் இருக்கின்றன, ஆனால் ஒன்றில் நுழைந்தால் மற்றது சாத்தப்பட்டுவிடும். 164இன்படி தருவதை ஏற்றுக்கொண்டு முறைப்படி முடித்துவிட்டால், 166இன் கீழ் போட்ட மனு காலாவதியாகிவிடும் என்று சட்டமே சொல்கிறது. இடித்த வண்டி உண்டு, பின்னாலிருந்து இடித்ததற்குச் சாட்சி உண்டு என்றால், இரண்டரை லட்சத்துக்குத் தலையாட்ட வேண்டிய அவசியமே இல்லை. பார்த்தவர் யாருமில்லை, தவறு உங்கள் கணவர் மீதே என்று காகிதங்கள் சொல்கின்றன என்றால் மட்டும் நான் 164ஐ யோசிப்பேன்.

அப்படியானால் எவ்வளவு வரும்? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பேரம் பேச வருகிறவர்கள் இந்தக் கணக்கை உங்களிடம் போட்டுக் காட்ட மாட்டார்கள்.

மருத்துவ வாரியம் காலில் எத்தனை சதவீதம் குறை என்று சான்றிதழில் போடும். அது உடற்குறையின் அளவு. அந்தக் குறையால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பது தனிக் கேள்வி. 2011இல் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்கும் தலையில் ஐஸ் பெட்டி சுமக்கிறவருக்கும் ஒரே இடத்தில் கால் முறிந்திருக்கலாம். மருத்துவச் சான்றிதழில் இருவருக்கும் ஒரே எண்தான் இருக்கும். பிழைப்பில் விழுந்த அடி ஒன்றல்ல. ஈரத் தரையில் சுமையோடு நடந்துதான் உங்கள் கணவர் வீட்டுக்கு அரிசி வாங்கினார் என்பதை, விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் முன் வைப்பதுதான் உங்கள் வழக்கின் உயிர்.

உதாரணத்துக்கு மாத வருமானம் 15,000 என்று தீர்ப்பாயம் ஏற்கிறது என்று வையுங்கள். 40 வயதுக்குக் குறைவான, நிரந்தரச் சம்பளமில்லாத உழைப்பாளிக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்ப்பார்கள். 21,000 ஆயிற்று. ஆண்டுக்கு 2,52,000. 36 முதல் 40 வயது வரையுள்ளவர்களுக்குப் பெருக்கெண் 15. கோர்ட்டில் ‘மல்டிபிளையர்’ என்பார்கள். பெருக்கினால் 37,80,000. சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் போயிற்று என்று முடிவானால் 15,12,000 ரூபாய். 20 சதவீதம்தான் என்று முடிவானால்கூட 7,56,000. வலி வேதனை, உடனிருந்தோர் செலவு, சத்துணவு, ஆட்டோ செலவு, பின்னர் கம்பி எடுக்கும் அறுவைக்கான செலவு எல்லாம் இதற்கு மேல். மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து வட்டியும் உண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஆண்டுக்கு 7.5 சதவீதம் போடுகிறார்கள். இது உங்களுக்குக் கிடைத்தே தீரும் தொகை என்று சொல்லவில்லை. வருமானத்தை 12,000 என்று குறைக்கலாம், சதவீதத்தையும் குறைக்கலாம். ஆனாலும் இரண்டரை லட்சத்தில் கால் பங்கைக் கொடுத்துவிட்டு மிச்சத்தோடு வீடு திரும்புவதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரு மாதத்தில் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று ஆண்டுகள் இழுக்கலாம். நடுவில் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) பேசி முடிக்க வாய்ப்பு வரும். அதை நான் மட்டமாகப் பேச மாட்டேன். வட்டிக்கு வாங்கிச் சாப்பிடும் குடும்பத்துக்குச் சீக்கிரம் வரும் பணத்தின் அருமை வேறு. ஆனால் அங்கே ஒப்புக்கொண்டால் மேல்முறையீடு கிடையாது. எனவே மருத்துவ வாரியத்தின் இயலாமைச் சான்றிதழ் கைக்கு வரும் முன்பு ராஜி பேச உட்காராதீர்கள். எலும்பு கூடியதா, கால் மடங்குகிறதா என்று தெரியாத நேரத்தில் பேசும் பேரம் எதிர்தரப்புக்கே லாபம்.

அவசரம் வேறொரு இடத்தில் இருக்கிறது. விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதி. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. காலக்கெடு தாண்டியது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இடைக்கால உத்தரவை நம்பி யாராவது வீடு கட்டுவார்களா? உங்களுக்கு இரண்டு மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் போடுங்கள். நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்தே மனுப் போடலாம் என்பதால், உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறுவழக்குகள் நீதிமன்றம்தான் உங்களுக்கான தீர்ப்பாயம்.

மனுவில் வண்டி எண் சரியாக இருக்க வேண்டும். நம் பகுதியில் இதில்தான் அதிகம் வழுக்குகிறார்கள். துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி வரிசையில் நிற்கும் கண்டெய்னர் வண்டிகளைப் பாருங்கள். முன்னால் இழுக்கும் வண்டிக்கு ஒரு பதிவு எண், பின்னால் இருக்கும் டிரெய்லருக்கு வேறொரு எண். உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும்கூட வேறு வேறாக இருக்கலாம். பார்த்தவர்கள் பெரும்பாலும் பின்னால் இருக்கும் எண்ணைத்தான் குறித்துக் கொடுப்பார்கள். முதல் தகவல் அறிக்கையில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு எண்களும், இரண்டுக்குமான காப்பீட்டு விவரமும் கிடைத்தால், எல்லோரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடலாம். ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பும் வேலை அத்தோடு முடியும்.

காவல்துறையின் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவில் கேட்க வேண்டியவை: முதல் தகவல் அறிக்கை, சம்பவ இடத்தின் வரைபடம், பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதிய குறிப்பு), வாகன ஆய்வாளர் அறிக்கை, குற்றப்பத்திரிகை போட்டிருந்தால் அதன் நகல். விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையும் காவல்துறை தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். உங்கள் விஷயத்தில் நான்கு மாதங்கள் ஆகிவிட்டதால் ‘விரிவான அறிக்கை போய்விட்டதா?’ என்று பெயர் சொல்லியே கேளுங்கள். அதைத் தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாகவே எடுத்துக்கொள்ளலாம். அதற்காக நீங்கள் தனியாக மனுப் போடாமல் இருந்துவிட வேண்டாம்.

நம் பாட்டிமார் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொன்ன ஸ்டான்லியில் விபத்துப் பதிவேட்டின் நகலை வாங்குங்கள். ஏ.ஆர். காப்பி என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். முதன்முதலில் கொண்டுவந்தபோது ‘லாரி இடித்து’ என்று எழுதினார்களா, ‘பைக்கிலிருந்து விழுந்து’ என்று எழுதினார்களா என்பதில் பல வழக்குகள் ஜெயித்திருக்கின்றன, தோற்றும் இருக்கின்றன. கூடவே டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே படங்கள், வெளியே வாங்கிய மருந்து ரசீதுகள்.

கூலிக்காரருக்குச் சம்பளச் சீட்டு ஏது என்று கேட்பீர்கள். வேலை கொடுத்த ஐஸ் வியாபாரி வந்து சாட்சி சொன்னால் போதும். நல வாரிய அட்டை, கூலி வந்த வங்கிக் கணக்கு, செல்போனில் பணம் போட்ட பதிவு, சீட்டு கட்டிய நோட்டு எதுவும் உதவும். வருமானத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். 40,000 என்று சொல்லிக் குறுக்கு விசாரணையில் உடைந்தால், உண்மையான 15,000 கூட ஆட்டம் காணும்.

ஹெல்மெட் பயத்தை விடுங்கள். தலையில் அடிபட்டிருந்தால் அந்தக் கேள்வி எழும். முறிந்தது கால். சட்டத்தை மீறியதற்கும் காயத்துக்கும் தொடர்பு இருந்தால்தான் இழப்பீட்டில் குறைப்பார்கள். லைசென்ஸும் அப்படித்தான்: ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை என்பதாலேயே விபத்துக்கு அவரும் காரணம் ஆகிவிட மாட்டார் என்று 2008இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அபராதம் வந்தால் கட்டிவிடுங்கள். உண்மையில் பயப்பட வேண்டிய கேள்வி வேறு: பைக்கின் பின்விளக்கு எரிந்ததா, திடீரென்று தடம் மாறினாரா? இதற்கு அவர் என்ன பதில் சொல்வார் என்று வீட்டிலேயே நிதானமாகக் கேட்டு வையுங்கள்.

இனி அந்தக் கால் பங்குக்காரர். கிடைக்கும் பணத்தில் பங்கு என்று பேசுவது வழக்கறிஞர்களுக்குத் தடைசெய்யப்பட்டது. ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதும் தடைசெய்யப்பட்டது. வக்காலத்தில் எந்த வழக்கறிஞரின் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். மனு இன்னும் தாக்கல் ஆகவில்லை என்றால், ‘உங்களை நியமிக்க விருப்பமில்லை, என் காகிதங்களைத் திருப்பித் தாருங்கள்’ என்று கணவர் கையெழுத்திட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினாலே போதும். தாக்கல் ஆகியிருந்தால் நீதிமன்ற அனுமதியோடு மாற்றலாம். இலவச வழக்கறிஞர் வேண்டுமானால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே கொடுப்பார்கள். தொலைபேசியில் கேட்க 15100. இழப்பீட்டுப் பணம் கணவரின் வங்கிக் கணக்குக்கே நேராக வர வேண்டும் என்று மனுவிலேயே கணக்கு எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

அந்த 20,000 ரூபாயை மறைக்காதீர்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் தாளில் வாங்கிய கையெழுத்து மட்டுமே உங்கள் உரிமையை அழித்துவிடாது. மிஞ்சிப்போனால் அந்தத் தொகையைக் கழிப்பார்கள். நீங்களே மனுவில் சொல்லிவிட்டால் அது ஒரு வரி. அவர்கள் வாய் வழியாக வெளிவந்தால், ‘இன்னும் என்னென்ன மறைத்தீர்கள்?’ என்று குறுக்கு விசாரணை அங்கிருந்துதான் தொடங்கும்.