செயலிகளின் காலத்தில் கூட்டுறவு

கேள்வி: பன்னாட்டு நிறுவனங்களோடு போட்டியிட வேண்டுமானால் கூட்டுறவுச் சங்கங்களும் பெரிதாக வளர வேண்டும். அப்படி வளர்ந்தபின் அவற்றுக்கும் தனியார் நிறுவனங்களுக்கும் என்ன வேறுபாடு எஞ்சியிருக்கும்?

பதில்: கூட்டுறவுக்கு எதிர்காலம் உண்டு என்றே உறுதியாக நம்புகிறேன், ஆனால் நீங்கள் சுட்டும் ஆபத்தும் உண்மையானதே. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் தொடங்கிய கூட்டுறவுக் கடையின் அடிப்படை, எத்தனை பங்குகள் வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரே வாக்கு என்பதாகும். அந்த உரிமை பெயரளவில் மட்டும் இருக்குமானால் சங்கம் தன் உறுப்பினர்களாலேயே கைவிடப்படும். பிரிட்டனில் வீட்டுக்கடன் வழங்கிய உறுப்பினர் சங்கங்கள் பல, 1989 முதல், இலவசப் பங்குகளை எதிர்பார்த்த உறுப்பினர்களின் வாக்குகளாலேயே பங்குதாரர்களுக்குச் சொந்தமான வங்கி நிறுவனங்களாக மாறின. 1997-இல் அவ்வாறு மாறிய நார்தர்ன் ராக், 2008-இல் அரசுடைமையாக்கப்பட்டது. மாறியவற்றுள் ஒன்றுகூட இன்று தனி வங்கியாக நிலைத்திருக்கவில்லை. பல தலைமுறையினர் சேர்த்துவைத்த காப்பு நிதியை ஒரு தலைமுறையினர் மட்டும் பங்கிட்டுக்கொள்ள இயலாதவாறு சட்டம் தடுக்க வேண்டும். இத்தாலியில் அத்தகைய தடை இருப்பதோடு, சங்கங்கள் ஆண்டு இலாபத்தில் 3 விழுக்காட்டைப் புதிய சங்கங்களை வளர்க்கும் நிதிக்கு அளிக்கவும் வேண்டும்.

உலகமயத்தின் கடினமான சோதனையை ஸ்பெயினில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பல இணைந்த மோன்ட்ராகன் கூட்டமைப்பில் காணலாம். அதைச் சேர்ந்த ஃபாகோர் என்னும் வீட்டுச்சாதனச் சங்கம் 2013-இல் நொடித்தபோது, உறுப்பினர்களான தொழிலாளர்கள் பலருக்குக் கூட்டமைப்பின் பிற சங்கங்கள் வேலை அளித்தன. ஆனால் போலந்திலும் பிரான்சிலும் இருந்த அதன் ஆலைகளில் உழைத்தவர்கள் உறுப்பினர்கள் அல்லர், வெறும் கூலித் தொழிலாளர்களே. எல்லை கடந்து தொழிலை விரிக்கும் சங்கம் உறுப்புரிமையையும் உடன் கொண்டு செல்லாவிட்டால், அயல்நாட்டுத் தொழிலாளியின் கண்ணுக்கு அது இன்னொரு முதலாளியாகவே தெரியும்.

ஆகவே, ஒரே சங்கம் பருத்து வளர்வதைவிடச் சிறிய சங்கங்கள் பல இணைந்து செயல்படுவதே ஏற்றது என்பது என் கருத்து. ஐரோப்பாவில் மிதிவண்டியில் பொருள் விநியோகிக்கும் தொழிலாளர் சங்கங்கள், கூப்சைக்கிள் என்ற கூட்டமைப்பின் வழியாக ஒரே மென்பொருளைப் பகிர்ந்துகொள்கின்றன. தனித்தனியே செயலி உருவாக்க அவற்றிடம் முதல் ஏது?

கேள்வி: 2025-ஐ ஐக்கிய நாடுகள் அவை கூட்டுறவு ஆண்டாக அறிவித்ததால் பயன் உண்டா?

பதில்: 2012-உம் அவ்வாறு அறிவிக்கப்பட்ட ஆண்டுதான். அறிவிப்பைவிட, கூட்டுறவுகளைப் பிற தொழில் நிறுவனங்களுக்குக் குறையாத நிலையில் நடத்தக் கோரும் 2002-ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புப் பரிந்துரையை அரசுகள் தம் சட்டங்களில் சேர்ப்பதே பயன் தரும்.