பை வேண்டாம், செருப்பு வேண்டாம்: தொடக்கப்பள்ளியில் அவசரகாலப் பயிற்சி (கேள்வி பதில்)

தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றபின், கூப்பிடுகிற பள்ளிகளுக்குப் போய் ஒத்திகை நடத்தி வருகிறேன். ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சில இவை.

எங்கள் தொடக்கப்பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து நாங்கள் இரண்டே ஆசிரியைகள். தீ ஒத்திகையை எதில் இருந்து தொடங்குவது, ஐயா?

மணியில் இருந்து தொடங்குங்கள், டீச்சர். நீண்ட மணி அடித்தால் பிள்ளைகளைப் பொறுத்தவரை பள்ளி விட்டாச்சு. அதையே ஒத்திகைக்கும் அடித்தால் கை நேராகப் பைக்குத்தான் போகும். விசில் ஊதுங்கள், தட்டைத் தட்டுங்கள், வேறு சத்தம் எதுவானாலும் சரி.

அடுத்த சிக்கல் செருப்பு. வாசலில் குவிந்து கிடப்பதில் தன் ஜோடியைத் தேடி முன்னால் போகிற நாலு பேர் குனிந்தால் போதும், பின்னால் வருகிற அத்தனை பேரும் நிலைப்படியில் சிக்கிக்கொள்வார்கள். செருப்பு விடும் இடத்தை வாசலை விட்டுத் தள்ளி மாற்றுங்கள். "பை வேண்டாம், செருப்பு வேண்டாம், வெளியே!" என்று பிள்ளைகளையே கத்தச் சொல்லுங்கள். கத்துவதென்றால் அவர்களுக்குக் கொண்டாட்டம்தானே, மறக்காது.

உங்களில் ஒருவர் சின்ன வகுப்புகளோடு முன்னால் போகட்டும். மற்றவர் கடைசி ஆளாக, கழிவறையையும் பெஞ்சுக்கு அடியையும் பார்த்துவிட்டு வரவேண்டும். ஆறு வயதுப் பிள்ளை பயந்தால் ஓடாது, ஒளிந்துகொள்ளும். அதனால் "தீ என்றால் ஒளியக்கூடாது, வெளியே வரணும்" என்பதைத் தனியாகச் சொல்லிக்கொடுங்கள். மைதானத்தில் பதிவேட்டை வைத்துப் பெயர் கூப்பிட்டு முடித்தால்தான் ஒத்திகை முடிந்த கணக்கு. ஒருமுறை சத்துணவு நேரத்திலும் செய்து பாருங்கள், எல்லாம் குழம்பும். அந்தக் குழப்பத்தைப் பார்க்கத்தான் ஒத்திகையே. போட்டோவுக்காக வரிசையில் நிறுத்துவதால் ஒரு பயனும் இல்லை.

கும்பகோணம் தீ விபத்தைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா?

சின்ன வகுப்புகளில் வேண்டாம். படங்களை எந்த வகுப்பிலும் காட்டாதீர்கள். ஆனால் பெரியவர்கள் நாம் முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். 2004 ஜூலை 16 அன்று சமையலறையில் பிடித்த தீ கூரைக்கு ஏறியது. மாடியில் கீற்றுக் கொட்டகை, இறங்கக் குறுகலான படி. 94 குழந்தைகள் போய்விட்டார்கள். கூரையும் படியும் பூட்டிய கதவும் பெரியவர்கள் பொறுப்பு. அதைச் சரிசெய்யாமல் பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்து என்ன பிரயோஜனம்?

என் மகள் இரண்டாம் வகுப்பு. போனில் உதவி கேட்க என்ன சொல்லிக்கொடுக்கலாம்?

112 ஒன்று போதும், அம்மா. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் அதுவே. போன் பூட்டியிருந்தாலும் திரையில் உள்ள அவசர அழைப்பைத் தொட்டு அடிக்கலாம். அதைக் காட்டிக்கொடுங்கள். எண்ணைவிட முகவரிதான் பிள்ளைகளுக்குத் தடுமாற்றம். "எங்க வீடு" என்று மட்டும் சொல்லும். ஊர், தெரு, பக்கத்தில் உள்ள கோயில் அல்லது கடை, இந்த வரிசையில் சொல்லப் பழக்குங்கள். நீங்கள் ஆம்புலன்ஸ்காரராக நடித்துக் கேள்வி கேளுங்கள், விளையாட்டாகவே வந்துவிடும்.

எங்களுடையது கடற்கரைப் பள்ளி. கடல் உள்வாங்கினால் ஓடு என்று சொன்னால் போதுமா?

போதாது, சார். அது நல்ல பாடம்தான். 2004 சுனாமியின்போது தாய்லாந்தின் புக்கெட் தீவில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி, இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் படித்ததை வைத்துக் கடலின் போக்கைக் கண்டு எச்சரித்தாள். கரையில் இருந்தவர்கள் தப்பினார்கள். ஆனால் கடல் உள்வாங்காமலேயே அலை ஏறி வருவதும் உண்டு. சுமத்ரா பக்கம் நிலம் அதிர்ந்தால் நம் கரையில் தெரியாமலும் போகலாம். அதனால் எச்சரிக்கை வந்ததும் எந்த வழியாக எந்த மேட்டுக்கு என்பதை நடத்தியே காட்டுங்கள். "அம்மாவைத் தேடி வீட்டுக்கு ஓடாதே" என்பதையும் சொல்லுங்கள். பெற்றோரையும் கூட்டி, அந்த மேட்டில்தான் பிள்ளைகள் இருப்பார்கள் என்று சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் பள்ளியை நோக்கி, அதாவது கடலை நோக்கி ஓடி வருவார்கள்.

சட்டையில் தீப்பிடித்தால்?

ஓடக்கூடாது. நின்று, முகத்தைக் கையால் மூடி, தரையில் படுத்து உருள வேண்டும். பாயை விரித்து, தீபாவளிக்கு முந்தின வாரமே உருட்டிப் பழக்குங்கள். புண்ணில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் தடவாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.