மூன்றாவது கட்டுரை முடியாமல் போவது பற்றி

வணக்கம். ஏபி (அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரி நிலை) ஆங்கில மொழித் தேர்வுக்குத் தாங்கள் பயிற்றுவிக்கும் மாணவர்கள், மூலங்களைப் படித்து எழுதும் முதல் கட்டுரையிலேயே ஒரு மணி நேரத்தைச் செலவிட்டு, சொந்த வாதத்தை நிறுவும் மூன்றாவது கட்டுரையைப் பாதியில் விட்டுவிடுவதாக எழுதியிருந்தீர்கள். வேகமாக எழுதச் சொல்வதால் இது தீராது என்பது என் கருத்து.

மூன்று கட்டுரைகளுக்குமான மொத்த நேரம் 2 மணி 15 நிமிடம். அதில் 15 நிமிடம் படிப்பதற்கு, மீதியில் ஒவ்வொரு கட்டுரைக்கும் 40 நிமிடம் என்பதே பரிந்துரை. மூன்றுக்கும் சம மதிப்பு, ஒவ்வொன்றுக்கும் 6 புள்ளிகள். அவற்றில் மையக் கருத்துக்கு 1, சான்றுக்கும் அதன் விளக்கத்திற்கும் 4 என்பதால், அழகான முன்னுரையைச் செதுக்கிக்கொண்டிருக்கும் மாணவர் 4 புள்ளிகள் உள்ள இடத்தை வந்தடைவதற்குள் களைத்துவிடுகிறார். (முன்னுரை மோகத்தை வளர்ப்பதில் ஆசிரியர்களாகிய நமக்கும் பங்குண்டு.) ஆகவே சில வாரங்களுக்கு முழுக் கட்டுரையே எழுதவிடாமல், 10 நிமிடத்தில் ஒரு மையக் கருத்து வாக்கியமும், சான்றுடன் அது ஏன் பொருந்துகிறது என்று விளக்கும் ஒரு பத்தியும் மட்டும் எழுதச் செய்யுங்கள்.

முதல் கட்டுரைக்குக் குறைந்தது மூன்று மூலங்களைப் பயன்படுத்தினால் போதும். எல்லாவற்றையும் நுழைக்க முயல்வதே பெரும்பாலும் நேரத்தை விழுங்குகிறது. கட்டுரைகளை வரிசைப்படிதான் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்பதால், தடுமாறும் மாணவர்களை மூன்றாவதிலிருந்தே தொடங்கிப் பார்க்கச் சொல்லலாம்.