சொகுசு கார் நிறுவனம் சின்னக் கார் செய்யலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ போன்ற நிறுவனங்கள் விலை குறைந்த சிறிய கார்களைச் செய்வது முறையா, அதனால் பெயர் கெடுமா என்பதே அந்தப் பொருள். ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சொகுசு கார் என்றாலே பெரிய கார்தானே? சிறிய காரில் அந்த முத்திரையைப் பதித்தால் மதிப்பு குறையாதா?

மதிப்பைத் தருவது உருவத்தின் அளவு என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் 1982-இல் மெர்சிடிஸ் 190 வெளிவந்தபோது நடந்தது வேறு. 'பேபி பென்ஸ்' என்று அழைக்கப்பட்ட அந்தக் காருக்காகவே ஐந்து இணைப்புத் தண்டுகள் கொண்ட பின்சக்கர சஸ்பென்ஷனைப் புதிதாக உருவாக்கினார்கள். அடுத்து வந்த பெரிய மெர்சிடிஸ் கார்கள் அதே அமைப்பைத்தான் எடுத்துக்கொண்டன. பொதுவாகப் பெரிய காரில் தோன்றும் நுட்பம்தான் காலப்போக்கில் சிறிய காருக்கு இறங்கி வரும். இங்கே அது கீழிருந்து மேலே ஏறியது. 1993 வரை பதினெட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட 190 கார்கள் விற்றன. யாரும் அதை மட்டமான மெர்சிடிஸ் என்று சொல்லவில்லை, ஏனெனில் விலையைக் குறைத்தவர்கள் உழைப்பைக் குறைக்கவில்லை.

கேள்வி: அப்படியானால் சின்னக் கார் செய்து கெட்ட பெயர் வாங்கியவர்கள் எவரும் இல்லையா?

ஏன் இல்லை? 1982-ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்காவில், ஜெனரல் மோட்டார்ஸின் சொகுசு பிராண்டான காடிலாக் விற்ற சிமரான் இருக்கிறதே. ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஐந்து பிராண்டுகளுக்கும் பொதுவாக வைத்திருந்த ஒரே அடித்தளத்தில், செவ்ரோலே கவலியர் காரின் உடலையே ஏறத்தாழ அப்படியே வைத்துக்கொண்டு, தோல் இருக்கைகளையும் காடிலாக் சின்னத்தையும் சேர்த்துச் சுமார் 12,000 டாலருக்கு விற்றார்கள். இன்ஜின் 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர், 88 குதிரைத்திறன். பக்கத்துக் கடையில் கவலியர் எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்பது வாங்க வந்தவர்களுக்குத் தெரியாதா? 1988 மாடலோடு அதை நிறுத்திவிட்டார்கள். சிமரானின் குற்றம் சிறியதாக இருந்ததல்ல. அதில் காடிலாக்கின் கைவேலை எதுவும் இல்லாததே.

கேள்வி: ஆனால் மெர்சிடிஸின் சிறிய காரான ஏ-கிளாஸ் கவிழ்ந்ததே?

கவிழ்ந்தது. 1997 அக்டோபரில் சுவீடனில், சாலையில் எல்க் மான் குறுக்கே வந்தால் ஓட்டுநர் ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடித்துத் திருப்புவது போன்ற சோதனையில், ஒரு வாகனப் பத்திரிகையினர் ஓட்டிய ஏ-கிளாஸ் தலைகீழாகப் புரண்டது. நிறுவனம் முதலில் மழுப்பினாலும், பின்னர் சுமார் மூன்று மாதம் விநியோகத்தை நிறுத்திவிட்டு, சஸ்பென்ஷனைத் திருத்தி, 1995-இல் தன் பெரிய எஸ்-கிளாஸ் வரிசையில் அறிமுகப்படுத்திய ஈஎஸ்பி என்னும், கார் வழுக்கித் தடுமாறாமல் நிலைநிறுத்தும் கருவியை எல்லா ஏ-கிளாஸ் கார்களிலும் பொருத்தியது. அந்த விலைப் பிரிவில் அதுவரை எவரும் தராத பாதுகாப்பு அது. பிற்பாடு 2014-இல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய கார்கள் அனைத்துக்கும் அதைக் கட்டாயமாக்கியது. அவமானத்தின் விளைவாக வந்த நன்மைதான் என்றாலும், தவற்றைத் திருத்தப் பெரிய காரின் பெட்டியிலிருந்தே கருவியை எடுத்ததால் பெயர் மீண்டது.

கேள்வி: மலிவுக் கார் செய்ததால்தான் பேக்கார்ட் நிறுவனம் அழிந்தது என்று படித்திருக்கிறேன். உண்மையா?

பாதி உண்மை, அதனால்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1930-களின் பொருளாதார வீழ்ச்சிக்கு முன் அமெரிக்கப் பணக்காரர்களின் முதல் தேர்வுகளில் ஒன்றாக இருந்தது பேக்கார்ட். வாங்குவோர் குறைந்துபோன நிலையில், 1935-இல் 'ஒன் ட்வென்டி' என்ற காரை ஆயிரம் டாலருக்கும் குறைவான தொடக்க விலையில் கொண்டுவந்தது. அது நல்ல கார். அது வராமல் இருந்திருந்தால் பேக்கார்ட் அந்தப் பத்தாண்டைத் தாண்டியிருக்குமா என்பதே சந்தேகம். 1937-இல் இன்னும் மலிவான ஆறு சிலிண்டர் கார் வந்தது. அந்த ஆண்டு மொத்த உற்பத்தி ஒரு லட்சத்தைத் தாண்டியது. இதுவரை தவறு எதுவும் இல்லை என்பது என் கருத்து.

தவறு மேல்மாடியில், அதாவது விலை உயர்ந்த கார்களில் நடந்தது. பன்னிரண்டு சிலிண்டர் பேக்கார்ட் 1939-உடன் நின்றது. போருக்குப் பிறகு, 1949-இல் காடிலாக் எட்டு சிலிண்டர்களை 'வி' வடிவில் அமைத்த புதிய வி8 இன்ஜினைக் கொண்டுவந்தபோதும் பேக்கார்ட் பழைய நேர்வரிசை எட்டு சிலிண்டர் இன்ஜினையே பிடித்துக்கொண்டிருந்து, தன் வி8-ஐ 1955-இல்தான் காட்டியது. 1954-இல் ஸ்டூடிபேக்கர் என்ற மற்றொரு கார் நிறுவனத்துடன் இணைந்த பின், கடைசி இரண்டு ஆண்டுகளில் ஸ்டூடிபேக்கர் கார்களுக்கே பேக்கார்ட் பெயரை ஒட்டி விற்று, 1958-இல் கடையை மூடினார்கள். வாசலை அகலமாகத் திறந்தவர்கள் உள்ளே இருந்த பெரிய கூடத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். பழி மட்டும் வாசலின் மேல் விழுந்தது.

கேள்வி: வேறு பெயரில் விற்றால் இந்தச் சிக்கலே இராதே?

பழைய வழிதான் அது. காடிலாக் 1927 முதல் 1940 வரை 'லாசால்' என்ற தனிப் பெயரில் விலை குறைந்த கார்களை விற்றது. பிஎம்டபிள்யூ 2001 முதல் மினி என்ற சிறிய கார் பிராண்டை நடத்துகிறது. பாதுகாப்பான வழி, ஆனால் புதுப் பெயரை நிலைநாட்டும் செலவு மிகப் பெரியது. மினிக்கு அதற்கு முன்பே நாற்பது ஆண்டுப் புகழ் இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

கேள்வி: ஆஸ்டன் மார்ட்டின் சிக்னெட் பற்றி?

டொயோட்டா ஐக்யூ காரை வாங்கி, முகப்பை மாற்றி, உள்ளே தோல் தைத்து, ஏறத்தாழ மூன்று மடங்கு விலை சொன்னார்கள். 2011-இல் வந்து 2013-இல் போனது. ஒரு நிறுவனம் விற்கும் எல்லாக் கார்களின் புகையையும் சராசரியாகப் பார்க்கும் ஐரோப்பிய விதிகளின் கணக்குக்காகச் செய்ததென்று அப்போதே பலர் பேசினார்கள். கணக்குக்காகச் செய்த காரை எவரும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை.

கேள்வி: பெரிய கார்களை மட்டும் செய்து நிம்மதியாக இருக்க முடியாதா?

பிஎம்டபிள்யூ முயன்று பார்த்தது. 1950-களில் அதன் பெரிய 501, 502 கார்களும் 507 ஸ்போர்ட்ஸ் காரும் நஷ்டத்தைத் தந்தன. அந்த நிறுவனத்தின் பட்டறை ஓடியது, முன்பக்கம் கதவு வைத்த, முட்டை போன்ற இசெட்டா என்ற சிறு காரால். இத்தாலிய நிறுவனத்திடம் உரிமம் பெற்று, தன் மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பொருத்தி, ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். அப்படியும் 1959 டிசம்பரில் நிறுவனம், மெர்சிடிஸ் கார்களைச் செய்த டைம்லர்-பென்ஸ் கைக்குப் போகவிருந்தது. சிறு பங்குதாரர்களும் விற்பனையாளர்களும் எதிர்த்ததாலும், தொழிலதிபர் ஹெர்பர்ட் குவாண்ட் முதலீட்டை உயர்த்தியதாலும் தப்பியது. இன்று அதன் சின்னத்தைப் பார்த்து வியப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்த முட்டைக் கார் நினைவுக்கு வரும்?

கேள்வி: ஏ-கிளாஸின் செடான் வடிவமான ஏ-கிளாஸ் லிமோசினிலும் ரெனோ டஸ்டரிலும் ஒரே இன்ஜின் என்கிறார்களே, ஏறத்தாழ 40 லட்சம் கொடுத்தவர் ஏமாந்தவரா?

1.3 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினை டைம்லரும் ரெனோ-நிசானும் சேர்ந்தே உருவாக்கின. 2020-இல் டஸ்டரிலும், 2021-இல் நம் நாட்டுக்கு வந்த ஏ-கிளாஸ் லிமோசினிலும் அது இருந்தது உண்மை. கியர்பாக்ஸ், உடற்கட்டு, உட்புறம் எல்லாம் வேறு என்பதால் சிமரானோடு ஒப்பிடுவது நியாயமாகாது. என்றாலும் உங்கள் உறுத்தலை நான் புறந்தள்ள மாட்டேன். நான்கு மீட்டருக்குக் குறைவான நீளமும் 1200 சிசிக்கு மிகாத பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்கு இங்கே வரிச்சலுகை உண்டு. இந்தக் காருக்கு இரண்டும் பொருந்தாததால் வரி முழுவதும் ஏறியது. ஆக, சின்ன மெர்சிடிஸ் என்பது ஜெர்மனியில் சின்னது, இங்கே அல்ல. 2022-இல் மெர்சிடிஸ் தன் சிறிய கார் வகைகளை ஏழிலிருந்து நான்காகக் குறைப்பதாக அறிவித்ததும், இவற்றில் கிடைக்கும் லாபம் மெலிந்தது என்பதால்தான்.

கேள்வி: பழைய ஏ-கிளாஸ் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

விலை குறைந்திருப்பது காருக்கு மட்டும்தான். டயருக்கும் பிரேக்குக்கும் கியர்பாக்ஸ் வேலைக்கும் மெர்சிடிஸ் விலைதான். சர்வீஸ் புத்தகம் முழுமையாக இருந்தால், ஒரு பெரிய பழுதுக்குத் தனியாகப் பணம் ஒதுக்கிவிட்டுப் போய்ப் பாருங்கள். புத்தகம் இல்லை என்றால் போக வேண்டாம்.