துளையா, தொலைத்தொடுகோடா?

கேள்வி: (எக்ஸ்² − எக்ஸ் − 2) / (எக்ஸ்² − 4) என்ற சார்பில் பகுதி (பின்னத்தின் கீழ்ப்பாகம்) பூச்சியமாகும் இரண்டு இடங்களிலும் செங்குத்துத் தொலைத்தொடுகோடு (வளைவரை மேன்மேலும் நெருங்கிச் செல்லும் கோடு) வரைந்தேன். ஒன்று தவறு என்கிறார் ஆசிரியர். ஏன்?

பதில்: காரணிப்படுத்தும் முன்பே கோடு போட்டுவிட்டீர்கள். தொகுதி (எக்ஸ் − 2)(எக்ஸ் + 1). பகுதி (எக்ஸ் − 2)(எக்ஸ் + 2). பொதுக் காரணி (எக்ஸ் − 2) அடிபட்டுப் போவதால் எக்ஸ் = 2-இல் இருப்பது துளைதான், அதாவது வளைவரையில் அந்த ஒரு புள்ளி மட்டும் விடுபட்ட இடம். அதன் உயரத்தைச் சுருக்கிய வடிவில் பிரதியிட்டுக் காணுங்கள்: (2 + 1)/(2 + 2) = 3/4. மூல வடிவில் போட்டால் 0/0 தான் வரும். வரைபடத்தில் (2, 3/4) புள்ளியில் சிறு வெற்று வட்டம் போதும். மிஞ்சிய காரணி தரும் எக்ஸ் = −2 மட்டுமே தொலைத்தொடுகோடு.

அதற்காக, அடிபட்டாலே துளை என்றும் முடிவு கட்டாதீர்கள். (எக்ஸ் − 2)/(எக்ஸ் − 2)²-இல் ஒன்று நீங்கியும் பகுதியில் இன்னொன்று மிஞ்சுகிறது, அங்கே தொலைத்தொடுகோடுதான். பலர் மதிப்பெண் இழக்கும் இடம் இது.

கேள்வி: கிடைமட்டத் தொலைத்தொடுகோட்டை வளைவரை வெட்டலாமா?

பதில்: தாராளமாக. எக்ஸ்/(எக்ஸ்² + 1)-க்கு அந்தக் கோடு ஒய் = 0; ஆதிப்புள்ளியிலேயே வெட்டுகிறது. எக்ஸ் மிகப் பெரிதாகும்போது நடப்பதை மட்டுமே அது சொல்கிறது. செங்குத்துக் கோட்டைத்தான் வெட்டவே முடியாது. அங்கே சார்புக்கு மதிப்பே இல்லை.